தண்டுவட ஸ்டிமுலேட்டரோடு வாழ்வது: சோதனை வாரம் முதல் பேட்டரி மாற்றும் நாள் வரை

முதுகில் டிஸ்க் அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். எம்.ஆர்.ஐ. படத்தில் நரம்பை எதுவும் அழுத்தவில்லை. ஆனாலும் இடுப்பிலிருந்து குதிகால் வரை மிளகாய் அரைத்துத் தடவியது போல எரியும். இரவில் போர்வை உரசினால்கூடச் சுருக்கென்று இழுக்கும். ப்ரீகாபலின், டுலாக்செடின் போன்ற மாத்திரைகள், ஊசிகள் என எல்லாம் பார்த்தும் அடங்காத இப்படிப்பட்ட நரம்பு வலிக்குத்தான் பெரும்பாலும் தண்டுவடத்துக்கு மெல்லிய மின்துடிப்புகளை அனுப்பும் தண்டுவட ஸ்டிமுலேட்டர் என்ற கருவியைப் பரிந்துரைக்கிறார்கள். கருவியைப் பொருத்துவது சில மணி நேர வேலை. அது உங்களுக்குப் பலன் தருமா என்பது அதற்கு முன்னும் பின்னும் கவனிக்க வேண்டிய சின்னச் சின்ன விஷயங்களில் இருக்கிறது. இந்த வழிகாட்டி அவற்றைப் பற்றியது.

எந்த வலிக்கு உதவும்

முதுகு அறுவை சிகிச்சைக்குப் பிறகும் நிற்காத கால் வலி, அடிபட்ட கை காலில் வீக்கமும் நிறமாற்றமும் சேர்ந்து வரும் சி.ஆர்.பி.எஸ். என்ற வலி நோய், சர்க்கரை நோயால் பாதத்தில் வரும் எரிச்சல் ஆகிய மூன்றும் முக்கியமானவை. கடைசியாகச் சொன்னதற்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021இல் ஒப்புதல் அளித்தது. மூட்டுத் தேய்மானம், எலும்பு நழுவல், கட்டியோ டிஸ்க்கோ நரம்பை இன்னும் அழுத்திக்கொண்டிருக்கும் நிலை ஆகியவற்றுக்கு இது மருந்தல்ல. அங்கே மூல காரணத்தைத்தான் சரிசெய்ய வேண்டும்.

முழங்கையை நிலைக்கதவில் இடித்துக்கொண்டால் கை தானாகப் போய் அந்த இடத்தைத் தேய்க்கிறது, வலியும் குறைகிறது. தொடுதலைச் சுமக்கும் தடித்த நரம்பு இழைகள் தண்டுவடத்தில் வலியின் பாதையை ஓரளவு அடைக்கின்றன என்று ரொனால்ட் மெல்சாக்கும் பாட்ரிக் வாலும் 1965இல் விளக்கினார்கள். இரண்டே ஆண்டுகளில், 1967இல், நார்மன் ஷீலி என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் மின்முனையை முதன்முதலாக ஒரு நோயாளியின் தண்டுவடத்தின் பின்புறம் வைத்தார். இன்றைய கருவிகளும் அந்தக் கருத்திலிருந்து வளர்ந்தவைதான். சேதமான நரம்பு சேதமாகவே இருக்கும். வலிச் செய்தி மூளைக்குப் போகும் வழியில் குறைக்கப்படுகிறது. அதனால் வலி பூஜ்யம் ஆகிவிடும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். வலி பாதியாகக் குறைந்து, தூக்கம் வந்து, கடைத்தெரு வரை நடந்துவிட்டு வர முடிந்தால் அது நல்ல பலன்.

உடலுக்குள் என்னென்ன இருக்கும்

லீடு என்பது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகமான தடிமன் கொண்ட மெல்லிய கம்பி. அதன் நுனியில் வழக்கமாக எட்டு மின்முனைகள் இருக்கும். அது தண்டுவடத்துக்குள் போவதில்லை; தண்டுவட உறைக்கு வெளியே, எலும்புக்கும் உறைக்கும் நடுவே உள்ள இடைவெளியில் படுத்திருக்கும். இடுப்பு, கால் வலிக்கு இடுப்புப் பகுதியில் ஊசி வழியாக நுழைத்து, எட்டாவது, ஒன்பதாவது மார்பு முள்ளெலும்பு மட்டம் வரை மேலே தள்ளுவார்கள். சிலருக்கு எலும்பில் சிறு பகுதியை எடுத்துவிட்டு, பட்டையான துடுப்பு வடிவ லீடு வைப்பார்கள். அது எளிதில் நகராது, ஆனால் அறுவை சற்றுப் பெரியது. லீடு நகராமல் இருக்க, நுழையும் இடத்தில் ஆங்கர் என்ற சிறு பிடிப்பை வைத்துத் தைத்துவிடுவார்கள். அங்கிருந்து தோலுக்கடியில் சுரங்கம் போலப் போய், பிட்டத்தின் மேல்பகுதியிலோ விலாவுக்குக் கீழேயோ உள்ள பேட்டரியில் சேரும்.

சோதனைக்கு முன் செய்ய வேண்டியவை

நிரந்தரக் கருவிக்கு முன் தற்காலிக லீடு வைத்துச் சில நாள் சோதிப்பார்கள். அதற்கு முன் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது முதல் வேலை. உடலுக்குள் அன்னியப் பொருள் வைக்கும் எந்தச் சிகிச்சையிலும் கட்டுப்படாத சர்க்கரை கிருமித்தொற்றை வரவேற்கும். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. அதிகமாக இருந்தால் நல்ல மருத்துவர் தேதியைத் தள்ளிப்போடுவார், அவசரப்படுத்தாதீர்கள். புகைப்பழக்கம் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும் என்பதால் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். பல் சீழ், கால் புண், சிறுநீர்த் தொற்று இருந்தால் மறைக்காமல் சொல்லி, முதலில் அதை ஆற்றிக்கொள்ளுங்கள்.

ரத்தத்தை இளக்கும் மாத்திரைகள் இரண்டு பக்கமும் ஆபத்தானவை. குளோபிடோக்ரெல் சாப்பிட்டுக்கொண்டே லீடு வைத்தால் தண்டுவடத்தின் அருகே ரத்தம் கட்டலாம்; வழக்கமாக ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் அதைத் தானாக நிறுத்தினால் மாரடைப்பு வரலாம். மாத்திரையை எழுதிக்கொடுத்த இதய மருத்துவரும் வலி மருத்துவரும் பேசி முடிவெடுத்த பிறகே நிறுத்துங்கள். சோதனை முடிந்து லீடைப் பிடுங்கும் நாளுக்கும் இதே விதி பொருந்தும். பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னால், வலியைக் கற்பனை என்று நினைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சிகிச்சை பெறாத மனச்சோர்வு இருந்தால் கருவியின் பலன் குறையும் என்பதால் முன்கூட்டியே கவனிக்கிறார்கள்.

சோதனை வாரம்

நிரந்தரமாகப் பொருத்துவதற்கு முன், லீடை மட்டும் உள்ளே வைத்து, பேட்டரியை வெளியே இடுப்பில் கட்டி, சில நாட்கள் பார்ப்பார்கள். பெரும்பாலும் மூன்று நாள் முதல் பத்து நாள் வரை. கத்தி வைப்பதற்கு முன்பே பலனைப் பார்த்துக்கொள்ள முடிகிற சிகிச்சைகள் குறைவு. அதனால் இந்த வாரத்தை முழுக்கப் பயன்படுத்துங்கள்.

ஒரு நோட்டில் காலை, மதியம், இரவு மூன்று வேளையும் வலியைப் பூஜ்யம் முதல் பத்து வரை எழுதுங்கள். அந்த எண் மட்டும் போதாது. எவ்வளவு நேரம் உட்கார முடிந்தது, எத்தனை நிமிடம் நின்று சமைக்க முடிந்தது, இரவில் எத்தனை தடவை விழித்தீர்கள் என்பதையும் குறியுங்கள். சோதனைக்கு முந்தைய வாரமும் இதே கணக்கை எழுதி வைத்திருந்தால்தான் ஒப்பிட முடியும். மாத்திரையை உங்கள் இஷ்டத்துக்குக் குறைக்கவோ கூட்டவோ கூடாது; குறைத்தால் கருவி தோற்றது போலவும், கூட்டினால் வென்றது போலவும் தெரியும். வலி குறைந்த உற்சாகத்தில் வீட்டைப் புரட்டிப் போட்டுச் சுத்தம் செய்ய இறங்கவும் வேண்டாம். தற்காலிக லீடு ஒரு தையலிலும் பிளாஸ்திரியிலும்தான் நிற்கிறது, ஒரு குனிதலில் நகர்ந்துவிடும். குளிக்காமல் ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளுங்கள்.

வலி பாதியாவது குறைந்தால்தான் நிரந்தரக் கருவி என்பது வழக்கமான அளவுகோல். பலன் "இருக்கிற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு" என்றால் அதை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள். மருத்துவர் மனம் நோகும் என்றோ, செலவழித்தாயிற்றே என்றோ தலையாட்டாதீர்கள். அரைமனதோடு பொருத்திக்கொண்டு பின்னால் எடுப்பதைவிட, சோதனையோடு நிறுத்திக்கொள்வது எவ்வளவோ மேல்.

பேட்டரி உட்காரும் இடம்

இதற்கு ஐந்து நிமிடம் செலவழித்தால் பல வருடத் தொல்லை மிச்சம். அறுவைக்கு முன்பே, படுத்திருக்கும்போது அல்லாமல் நின்றபடியும் நாற்காலியில் உட்கார்ந்தபடியும் இடத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். வழக்கமாக உடுத்தும் உடையோடு போங்கள். பாவாடை நாடா, வேட்டியின் மேல் கட்டும் பெல்ட், பேண்ட் விளிம்பு பேட்டரியின் மேல் விழுந்தால் தினமும் உரசி, தோல் மெலிந்து, கடைசியில் புண்ணாகும். நாற்காலியின் சாய்மானம் இடிக்கும் இடமும் வேண்டாம். எந்தப் பக்கம் சரிந்து தூங்குவீர்களோ அதற்கு எதிர்ப்பக்கம் நல்லது. சார்ஜ் செய்யும் வகை என்றால் உங்கள் கை எட்டும் பக்கமாகவும், தோலுக்கடியில் ஒன்றிரண்டு செ.மீ. ஆழத்துக்குள்ளும் இருக்க வேண்டும். ஆழம் கூடினால் சார்ஜர் பிடிக்காது. பின்னாளில் உடல் எடை கூடினாலும் இதே சிக்கல்தான்.

முதல் எட்டு வாரம்

லீடைச் சுற்றி உடல் தானே ஒரு தழும்புத் திசுவை வளர்த்து அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதற்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதுவரை லீடைப் பிடித்து வைத்திருப்பது ஆங்கரும் உங்கள் எச்சரிக்கையும்தான். குனியக் கூடாது, இடுப்பைத் திருப்பக் கூடாது, இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, கையைத் தலைக்கு மேல் நீட்டக் கூடாது.

நம் வீடுகளில் இதை மீறும் வழிகள் நிறைய. தண்ணீர்க் குடம் பத்து கிலோவைத் தாண்டும். கொடியில் துணி காயப்போடுவதும் பரணில் டப்பா எடுப்பதும் கையை மேலே நீட்டும் வேலை. கோலம் போடுவது, தரையில் உட்கார்ந்து காய் நறுக்குவது, குனிந்து பெருக்குவது, சாமி முன் விழுந்து கும்பிடுவது எல்லாமே முதுகை வளைப்பவை. கோயிலில் நின்றபடி கைகூப்பினால் போதும். குந்தி உட்காரும் கழிப்பறைக்கு மேல் வைக்கும் நாற்காலி இருக்கை மருத்துவ உபகரணக் கடைகளில் கிடைக்கும். அறுவைக்கு முன்பே வாங்கி வையுங்கள். இருசக்கர வாகனத்தைக் கிக்கர் உதைத்துக் கிளப்புவதும், பேருந்தின் கடைசி இருக்கையில் வேகத்தடைகளைத் தாண்டுவதும் லீடை அசைக்கும்.

படுக்கையிலிருந்து எழும்போது முதலில் உடம்பை ஒரே கட்டையாக ஒருக்களித்து, காலைக் கீழே தொங்கவிட்டு, கையால் ஊன்றி எழுங்கள். மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், முக்குவதும் தும்முவதும் முதுகில் அழுத்தம் ஏற்றும். ஆனால் படுத்தே கிடக்க வேண்டாம். சமதளத்தில் தினம் கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் கூட்டுவது நல்லது.

தையல் பிரிக்கும் வரை, அதாவது 10 முதல் 14 நாள் வரை, புண்ணில் தண்ணீர் படக் கூடாது. மஞ்சள், எண்ணெய், எந்தத் தைலமும் வேண்டாம். பேட்டரியைச் சுற்றி மெத்தென்று வீங்கினால் அது நீர் கோத்ததாக இருக்கலாம். பக்கத்துக் கிளினிக்கில் ஊசி குத்தி எடுக்கவோ ஒத்தடம் கொடுக்கவோ விடாதீர்கள், ஊசி வழியே கிருமி உள்ளே போகும். பொருத்திய மருத்துவரிடமே காட்டுங்கள்.

எழுந்து உட்கார்ந்தால் மண்டையைப் பிளப்பது போல வலித்து, படுத்தால் தணிகிற தலைவலி, தண்டுவட உறையில் ஊசி பட்டதன் அடையாளம். ஓய்வும் நீராகாரமும் பெரும்பாலும் போதும், ஆனாலும் மருத்துவருக்குச் சொல்லிவிடுங்கள். கால் திடீரென்று பலமிழப்பது, சிறுநீர் அடைப்பது அல்லது தானாகப் போவது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப் போவது ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் நடுராத்திரி என்று பார்க்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தக்கட்டு தண்டுவடத்தை அழுத்தினால் விடியும் வரை காத்திருந்தது கூட நிரந்தர முடக்கமாகிவிடும். காய்ச்சல், புண்ணில் சிவப்பு, சீழ் தெரிந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

ரிமோட்டும் புரோகிராமும்

ரிமோட்டில் மாற்றிக்கொள்ளும் மின்துடிப்பு அமைப்புதான் புரோகிராம். பழைய முறை ஓட்டத்தில், நொடிக்கு ஏறத்தாழ 40 முதல் 60 துடிப்புகளில், வலி இருந்த இடம் முழுவதும் குறுகுறுவென்று இருக்கும். 10,000 துடிப்புகள் கொண்ட அதிவேக முறையிலும், துடிப்புகளைக் கொத்துக் கொத்தாக அனுப்பும் பர்ஸ்ட் முறையிலும் எதுவும் தெரியாது. குறுகுறுப்பு இல்லையே, கருவி வேலை செய்யவில்லையோ என்று அளவைக் கூட்டிவிட வேண்டாம். இந்த முறைகளில் பலன் தெரிய ஓரிரு நாளாகும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பொறுத்துப் பார்த்து, நோட்டில் எழுதி, பிறகு அடுத்ததை முயலுங்கள்.

குறுகுறுப்பு வகையில் எல்லோரையும் குழப்புவது உடலின் நிலை. மல்லாந்து படுத்தால் தண்டுவடம் லீடுக்கு அருகே வந்துவிடும். அதே அளவு மின்சாரம் திடீரென்று பலமாக அடிக்கும். நின்றால் விலகும், மங்கும். ஆகவே படுக்கும் முன் அளவைக் குறைத்துவிட்டுப் படுங்கள். நிற்பதற்கு ஒன்று, படுப்பதற்கு ஒன்று எனத் தனித்தனிப் புரோகிராம் வைத்துத் தரச் சொல்லலாம். சில கருவிகள் நிலையை உணர்ந்து தாமாகவே மாற்றிக்கொள்ளும். வண்டி ஓட்டும்போது குறுகுறுப்பு வகையை அணைத்துவிடுங்கள், ஒரு குலுக்கலில் கால் உதறிப் பிரேக் தவறலாம்.

முதல் சில மாதங்களில் புரோகிராம் மாற்றப் பலமுறை போக வேண்டியிருக்கும். அது கருவியின் தோல்வி அல்ல. போகும்போது "சரியில்லை" என்று மட்டும் சொன்னால் யாராலும் எதையும் திருத்த முடியாது. எந்த இடத்தில், எந்த நிலையில், எந்த நேரத்தில் என்று எழுதிக்கொண்டு போங்கள். உடம்பின் படம் வரைந்து நிழலிட்டுக் காட்டுவது இன்னும் நல்லது. வலி குறைந்த பிறகு மாத்திரைகளை மருத்துவர் சொல்லும் வேகத்தில் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ப்ரீகாபலினையோ டிரமடாலையோ சட்டென்று நிறுத்தினால் உடல் படுத்தும்.

சார்ஜ் செய்வது

சார்ஜ் செய்யும் பேட்டரி பத்து ஆண்டு அளவில் உழைக்கும். சார்ஜ் தேவையில்லாத வகை, மின்சாரச் செலவைப் பொறுத்து அதைவிடச் சீக்கிரம் தீரும். நினைவுத் தடுமாற்றமோ, கை எட்டாத மூட்டுவலியோ இருப்பவருக்கு இரண்டாவது வகையே ஏற்றது.

சார்ஜரை முதலில் சுவர் பிளக்கில் நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள். மின்தடை வந்தாலும் கவலை இல்லை. மெல்லிய பருத்தித் துணிக்கு மேல் வைத்து, சிக்னல் நன்றாகக் கிடைக்கும் வரை மெதுவாக நகர்த்துங்கள். லேசான வெதுவெதுப்பு இயல்பு; சுட்டால் எடுத்துவிடுங்கள். அதை வைத்துக்கொண்டே தூங்கினால் தோல் வெந்துவிடலாம். கால் பங்குக்குக் கீழே இறங்கும் முன் சார்ஜ் செய்துவிடுவது நல்ல பழக்கம். பல வாரம் காலியாகவே விட்ட பேட்டரியைச் சில மாடல்களில் மீட்க முடியாமல் போகலாம். நேற்று வரை ஏறிய சார்ஜ் இன்று ஏறவே இல்லை என்றால், பேட்டரி உள்ளுக்குள் குப்புறப் புரண்டிருக்கலாம். பேட்டரியை விரலால் தடவி உருட்டும் பழக்கம் இருப்பவர்களுக்கு இது நேரும். அப்படி உருட்டும்போது லீடும் சுருண்டு இழுபடும்.

மற்ற மருத்துவர்களிடம் சொல்ல வேண்டியவை

பிசியோதெரபி மையங்களில் இடுப்பு வலி என்றதும் எஸ்.டபிள்யூ.டி. என்ற ஷார்ட் வேவ் டயதெர்மி, அல்ட்ராசவுண்ட் சூட்டுச் சிகிச்சை வைப்பது சாதாரணம். உங்களுக்கு இவை உடம்பின் எந்தப் பகுதியிலும் கூடாது, கருவி அணைத்திருந்தாலும் கூடாது. கம்பி அந்த ஆற்றலை இழுத்து நுனியில் சூடாகும். அந்த நுனி இருப்பது தண்டுவடத்தின் மேல். மூளைக்குள் இதே போன்ற கருவி வைத்திருந்த இருவர் டயதெர்மிக்குப் பிறகு இறந்ததை அடுத்து, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2002 டிசம்பரில் பொது எச்சரிக்கையே விட்டது. வயிற்றுக்கு எடுக்கும் ஸ்கேன் அல்ட்ராசவுண்ட் வேறு, அதில் பிரச்சினை இல்லை.

எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்பது உங்கள் மாடலைப் பொறுத்தது. சிலவற்றில் உடல் முழுக்க எடுக்கலாம், சிலவற்றில் தலை மட்டும். முன்னே வைத்து அறுந்துபோன லீடு உள்ளே மிச்சம் இருந்தால் பெரும்பாலும் முடியாது. கருவியோடு தரும் அடையாள அட்டையைக் காட்டி, லீடு, பேட்டரி இரண்டின் மாடலையும் ஸ்கேன் மையம் சரிபார்த்த பிறகு, கருவியை எம்.ஆர்.ஐ. நிலைக்கு மாற்றிவிட்டு உள்ளே போங்கள். வெளியே வந்ததும் மறுபடி ஆன் செய்ய மறக்காதீர்கள். ஈ.சி.ஜி. எடுக்கும்போது அணைத்துவிட்டால் கோடு தெளிவாக வரும்.

வேறு அறுவை சிகிச்சை என்றால் மயக்க மருத்துவரிடம் லீடின் எக்ஸ்ரேயைக் காட்டுங்கள். முதுகில் ஊசி போட லீடு இல்லாத இடத்தை அவர் தேர்ந்தெடுக்க வேண்டும். ரத்தம் நிறுத்தும் மின்கத்தியில் பைபோலார் வகை பாதுகாப்பானது. சிறுநீரகக் கல்லை அதிர்வலையால் உடைப்பதற்கு முன்பும் கேட்க வேண்டும். காய்ச்சலுக்குப் போனாலும் பிட்டத்தில் ஊசி போடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. பேட்டரி உள்ள பக்கத்தைத் தொட்டுக்காட்டி, மறுபக்கமோ கையிலோ போடச் சொல்லுங்கள். சுளுக்கு எடுப்பவர், வர்ம மசாஜ், முதுகை நெட்டி முறிப்பது, மின்சார அக்குபங்சர் எதுவும் வேண்டாம். காந்தப் படுக்கை, காந்தப் பெல்ட் விற்பவர் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

வீட்டிலும் வெளியிலும்

மிக்சி, கிரைண்டர், டிவி, வைஃபை எதுவும் செய்யாது. இண்டக்‌ஷன் அடுப்பு எரியும்போது இடுப்பை அதன்மேல் சாய்க்காமல் தள்ளி நில்லுங்கள். செல்போனைப் பேட்டரி உள்ள பக்கத்துப் பையில் வைக்காமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள். வெல்டிங் வேலை செய்பவர்கள் பணிக்குத் திரும்பும் முன் மருத்துவரிடம் பேசியே ஆக வேண்டும்.

விமான நிலையம், வணிக வளாகம், மதுரை மீனாட்சி அம்மன் கோயில் போன்ற இடங்களில் உள்ள உலோகச் சோதனை வாயிலில் கருவியின் மின்துடிப்பு திடீரெனப் பலமாகலாம், கருவி தானாக அணையவும் கூடும். அட்டையைக் காட்டிக் கையால் சோதிக்கக் கேளுங்கள். வாயில் வழியேதான் போக வேண்டும் என்றால் அணைத்துவிட்டு நடுவாக, நிற்காமல் நடங்கள். கையில் வைத்திருக்கும் சோதனைக் கருவியைப் பேட்டரி மேல் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வெளியூர்ப் பயணத்தில் ரிமோட்டும் சார்ஜரும் கைப்பையில் இருக்கட்டும்.

பலன் குறைந்தால்

முதலில் கருவி ஆன் ஆகி இருக்கிறதா, சார்ஜ் இருக்கிறதா, புரோகிராம் தவறுதலாக மாறியிருக்கிறதா என்று பாருங்கள். காலில் தெரிந்த குறுகுறுப்பு விலாவுக்கோ வயிற்றுக்கோ தாவியிருந்தால் லீடு நகர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். எக்ஸ்ரே எடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிடுவார்கள். விட்டுவிட்டு வருவது, பேட்டரி இடத்திலேயே சுரீரென்று அடிப்பது கம்பி முறிந்ததைக் காட்டலாம். மருத்துவரிடம் உள்ள புரோகிராமர் கருவியில், மின்னோட்டத்துக்குக் கம்பி தரும் எதிர்ப்பை அளந்தால் தெரிந்துவிடும். சற்று நகர்ந்த லீடுக்கு வேறு மின்முனைகளை ஓடவிட்டே சமாளிப்பதுண்டு. அதிகம் நகர்ந்தால் மறுபடி அறுவை. எல்லாம் சரியாக இருந்தும் வருடங்கள் போகப் போக உடல் பழகிப் பலன் மங்குவது சிலருக்கு நடக்கிறது. சில வாரம் அணைத்து வைத்துவிட்டு மீண்டும் தொடங்குவதும், துடிப்பு முறையை மாற்றுவதும் அப்போது முயலத்தக்கவை. வலியின் குணமே மாறியிருந்தால், புதிய இடத்தில் புதிய வலி வந்திருந்தால், கருவியைக் குறை சொல்வதற்கு முன் முதுகைப் புதிதாகப் பரிசோதிக்க வேண்டும்.

பேட்டரி தீரும்போதும், அதற்குப் பின்னும்

பேட்டரி மாற்றுவது சிறிய அறுவைதான். லீடைத் தொடாமல் அதே பையைத் திறந்து மாற்றுவார்கள். ஆனால் கிருமித்தொற்று ஆபத்து ஒவ்வொரு முறையும் புதிதாக வருகிறது, சர்க்கரையும் மாத்திரையும் பற்றி மேலே சொன்ன எச்சரிக்கை எல்லாம் மறுபடி வேண்டும். காப்பீடு இருந்தால் முதல் பொருத்துதலுக்கு மட்டுமா, மாற்றுவதற்கும் உண்டா என்று தொடக்கத்திலேயே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் பேசத் தயங்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். கருவி உள்ளவர் இறந்துபோனால், தகனம் செய்யும் முன் பேட்டரியை உடலிலிருந்து எடுத்துவிட வேண்டும். மூடிய பேட்டரி நெருப்பில் வெடிக்கும். மின் தகன மேடையானாலும் விறகானாலும் அருகில் நிற்பவர்களுக்கு ஆபத்து. தோலைச் சிறிதளவு கீறி எடுத்துவிடலாம், மருத்துவரிடம் சொன்னால் செய்துகொடுப்பார். புதைக்கும் வழக்கம் உள்ளவர்களுக்கு இது தேவையில்லை. கருவியின் அடையாள அட்டையை நகல் எடுத்து, அதன் பின்பக்கம் இந்தக் குறிப்பையும் எழுதி, ரேஷன் கார்டு வைக்கும் அதே உறையில் வைத்துவிடுங்கள்.